ரிசீவரே போதுமா, தனி பவர் ஆம்ப் வேண்டுமா?

வீட்டில் ஏவி ரிசீவர் (படத்தின் ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களையும் ஓட்டும் பெட்டி) வைத்து 5.1 அல்லது 7.1, அதாவது ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், அமைத்தவர்கள் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பீக்கர் நல்லதாகவே வாங்கியாயிற்று, சப்வூஃபரும் இருக்கிறது. ஆனால் யாராவது வந்து, "ரிசீவருக்குள்ள இருக்கிற ஆம்ப் பத்தாது, தனியா ஒண்ணு போடுங்க, அப்பத்தான் இந்த ஸ்பீக்கர் முழுசா பாடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதன் பிறகு குழப்பம்தான். தனி ஆம்ப் சேர்ப்பதா, ரிசீவரையே பெரிதாக மாற்றுவதா, இருப்பதோடு விட்டுவிடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹாலில், வீட்டார் தாங்கும் சத்தத்தில் படம் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு வெளி ஆம்ப் தேவையில்லை. தேவைப்படுகிற சிலருக்கோ அது இல்லாமல் முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கடைக்குப் போகும் முன், ஒரு பேப்பரும் பேனாவும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வாட் கணக்கு. இதுதான் முதல் அளவுகோல். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பது; நீங்கள் உட்காரும் தூரம்; நீங்கள் வழக்கமாக வைக்கும் வால்யூம்.

சினிமா ஒலிக்கலவைக்கு ரெஃபரன்ஸ் லெவல் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவில் ஒரு முன்பக்கச் சேனல் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகும். சப்வூஃபருக்கான எல்எஃப்இ சேனல் 115 வரை போகும். மைக் வைத்து கேலிப்ரேட் செய்த (ஸ்பீக்கர்களின் சத்த அளவைச் சரிப்படுத்திய) ரிசீவரில் வால்யூம் 0 டெசிபல் என்று காட்டினால் அதுதான் ரெஃபரன்ஸ். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 0 முதல் 98 வரை எண் தெரியும்படி வைத்திருந்தால், அதில் 80தான் அந்த ரெஃபரன்ஸ். நீங்கள் 55-ல் படம் பார்க்கிறீர்கள் என்றால் ரெஃபரன்ஸுக்கு 25 டெசிபல் கீழே இருக்கிறீர்கள்.

உட்காரும் தூரம் 3.5 மீட்டர், ஏறக்குறைய பதினொன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்துக்குள் சுமார் 11 டெசிபல் கரைந்துவிடும். ஒரு சேனலுக்கு உச்சத்தில் எத்தனை வாட் வேண்டும் என்று போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது:

| வால்யூம் | உச்சச் சத்தம் | 84 டெசிபல் ஸ்பீக்கர் | 87 டெசிபல் ஸ்பீக்கர் | 92 டெசிபல் ஸ்பீக்கர் |
|---|---|---|---|---|
| மைனஸ் 20 | 85 டெசிபல் | 16 வாட் | 8 வாட் | 2.5 வாட் |
| மைனஸ் 10 | 95 டெசிபல் | 160 வாட் | 80 வாட் | 25 வாட் |
| 0 (ரெஃபரன்ஸ்) | 105 டெசிபல் | 1600 வாட் | 800 வாட் | 250 வாட் |

இது சுவரே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. அறைக்குள் சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் ஒலி சில டெசிபல் சேர்க்கும். 3 டெசிபல் சேர்ந்தாலே வாட் தேவை பாதியாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அட்டவணையின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும். மைனஸ் 20-ல் பார்ப்பவருக்கு எந்த ரிசீவரும் போதும். ரெஃபரன்ஸில் பார்க்க நினைப்பவருக்கு, 84 டெசிபல் ஸ்பீக்கரோடு எந்த ஆம்பும் போதாது. அவர் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரை.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. 105 வாட் ரிசீவரிலிருந்து 200 வாட் ஆம்புக்குப் போனால் லாபம் 2.8 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட வாட்டையும் கவனித்துப் படியுங்கள். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன்" என்று போட்ட 150 வாட்டும், "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 0.05 சதவீதம், இரண்டு சேனல் இயங்கும்போது" என்று போட்ட 105 வாட்டும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. இரண்டாவது நேர்மையான எண். அதிலும் "இரண்டு சேனல்" என்பதை விட்டுவிடக் கூடாது. ரிசீவரில் உள்ள எல்லா ஆம்புக்கும் பொதுவாக ஒரே டிரான்ஸ்ஃபார்மர். எல்லாம் ஒன்றாக இழுத்தால் ஒவ்வொன்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இதை வைத்துத்தான் வெளி ஆம்ப் விற்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். சரி, 105 வாட் 60 வாட்டாக இறங்கியது என்றே வைத்துக்கொள்வோம். இழப்பு 2.4 டெசிபல். படத்தில் எல்லாச் சேனலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவதும் அபூர்வம். தவிர, 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்துவிட்டால், அதாவது அதற்குக் கீழுள்ள ஒலியை சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டால், அதிக மின்சாரம் தின்னும் பேஸ் முழுவதையும் சப்வூஃபர் தன் சொந்த ஆம்பில் பார்த்துக்கொள்ளும். அந்த வகையில் உங்கள் வீட்டில் ஒரு வெளி ஆம்ப் ஏற்கனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஓம். மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் (இம்பீடன்ஸ்) அளவு இது; குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டம் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அதிர்வெண்களில் அது நன்றாக இறங்கும். கெஃப் எல்எஸ்50 மெட்டா 8 ஓம் ஸ்பீக்கர்தான். குறைந்தபட்ச அளவு 3.5 ஓம், சென்சிடிவிட்டி 85 டெசிபல். இப்படிப்பட்ட ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்டும்போது ரிசீவர் திணறுவது நிஜமாகவே நடக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட்டில் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், அந்த வோல்ட்டேஜ் 4 ஓமில் 2 வாட் என்பதால், மேலே உள்ள அட்டவணையில் அதை 84 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேனல் எண்ணிக்கை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வீட்டுக்கு வந்த 2014-க்குப் பிறகு இது பெரிய காரணமாகிவிட்டது. 7.1.4 என்றால் (கடைசி எண் உயரச் சேனல்கள்) சப்வூஃபர் போக 11 ஸ்பீக்கர். உங்கள் ரிசீவரில் 9 ஆம்ப்தான் இருக்கிறது என்றால், மீதி இரண்டுக்கு வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

வெப்பம். ரிசீவருக்குள் பெரும்பாலும் ஏபி வகுப்பு ஆம்ப். இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகத்தான் வெளியேறும். டிவி யூனிட்டின் மூடிய தட்டுக்குள், மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் அது என்ன பாடு படும் என்று யோசியுங்கள்.

ப்ரீ-அவுட். ரிசீவரின் பின்பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் ஆர்சிஏ ப்ரீ-அவுட், அதாவது உள் ஆம்புக்கு முந்தைய சிக்னலை வெளியே எடுக்கும் இணைப்பு, இருந்தால்தான் வெளி ஆம்ப் பற்றிய பேச்சே. நடுத்தர விலை ரிசீவர்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டுமே அது இருக்கும். முதலில் போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

## வழி 1: இருக்கும் ரிசீவரோடு நிற்பது

87 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர், பத்துப் பன்னிரண்டு அடி தூரம், வால்யூம் மைனஸ் 15-க்குக் கீழே, 5.1 அல்லது 5.1.2. இது நீங்கள் என்றால் இதுவே சரியான முடிவு. ஆம்புக்கு ஒதுக்கிய காசில் இரண்டாவது சப்வூஃபர் வாங்கினால், அல்லது வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் ஹாலில் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் போட்டால், வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் ஹால்களில் எதிரொலிதான் முதல் எதிரி. அதை எந்த ஆம்பும் சரிசெய்யாது.

என்னிடம் வரும் புகார்களில் பாதி, "டயலாக் புரியல, சண்டை வந்தா காதைக் கிழிக்குது" என்பது. இதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. ரெஃபரன்ஸுக்காகக் கலந்த ஒலியைக் குறைந்த வால்யூமில் கேட்பதால் வருவது. சென்டர் சேனலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள், இரவில் டைனமிக் வால்யூம் அல்லது நைட் மோடைப் போடுங்கள், சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்துக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். இதையெல்லாம் செய்யாமல் ஆம்ப் வாங்கியவர்கள் அதே புகாரோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, நிஜமாகவே ரிசீவர் பத்தவில்லை என்பது எப்படித் தெரியும்? சத்தமான காட்சிகளில் மட்டும் ஒலி கரகரவென்று கூர்மையாகும். வால்யூமை ஏற்றினாலும் சத்தம் கூடாமல் எரிச்சல் மட்டும் கூடும். சில சமயம் ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள ப்ரொடெக்ஷனுக்குப் போய்ச் சிவப்பு விளக்கு மின்னும். ஆனால் விளக்கு மின்னியவுடன் ஆம்ப் வாங்க ஓடாதீர்கள். ஸ்பீக்கர் வயரின் ஒரு நூலிழைச் செம்பு பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே விளக்குதான் எரியும். ரிசீவரை அணைத்துவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு முனையையும் பார்த்துவிடுங்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் ஒரே செலவு வெப்பம். மேலே காற்றுப் போக நாலைந்து அங்குலமாவது விட வேண்டும். இன்னொன்று: ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் இம்பீடன்ஸை 4 ஓம் என்று மாற்றும் வசதி இருந்தால், அது பொதுவாக ஆம்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. மாற்றினால் பவரும் குறையும்.

## வழி 2: ரிசீவரோடு ஒரு வெளி ஆம்ப்

பேச வேண்டியது அதிகம் உள்ள வழி இதுதான். ரிசீவர் தன் வேலைகளை, அதாவது டீகோடிங் (ஒலியைச் சேனல்களாகப் பிரிப்பது), ரூம் கரெக்ஷன் (அறைக்கேற்ப ஒலியைத் திருத்துவது), வால்யூம் எல்லாவற்றையும் அப்படியே பார்க்கும். ப்ரீ-அவுட்டிலிருந்து சிக்னலை எடுத்து வெளி ஆம்ப் சில ஸ்பீக்கர்களை மட்டும் ஓட்டும்.

யாருக்கு இது? 4 ஓம் அல்லது குறைந்த சென்சிடிவிட்டி ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு மைனஸ் 10-க்கு மேலே பார்ப்பவருக்கு. 20 அடிக்கு மேல் நீளமுள்ள தனி தியேட்டர் அறை கட்டியவருக்கு. சேனல் பத்தாதவருக்கு. உதாரணமாக டெனான் எக்ஸ்3800எச் ரிசீவரில் 9 ஆம்ப் இருக்கிறது, ஆனால் 11 சேனலுக்கு ப்ராசசிங்கும் ப்ரீ-அவுட்டும் உண்டு. ஒரு இரண்டு சேனல் ஆம்ப் சேர்த்தால் முழு 7.1.4 ஆகிவிடும். இந்தக் கடைசிக் காரணத்துக்காக ஆம்ப் வாங்குபவர்கள் ஏமாறவே மாட்டார்கள். சத்தம் வராத ஸ்பீக்கரில் சத்தம் வரும்.

எந்தச் சேனலுக்குப் போடுவது? முன்பக்கம் மூன்றுக்கும். படத்தில் அதிகம் உழைப்பது இடது, சென்டர், வலது. இரண்டு சேனல் ஆம்ப் வாங்கி இடது வலதுக்குப் போட்டாலும் தவறில்லை. அந்தச் சுமை இறங்கியதால் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் சென்டருக்கும் சரவுண்டுக்கும் தாராளமாகக் கொடுக்கும், சூடும் குறையும். சரவுண்ட், உயரச் சேனல்களுக்கு விலையுயர்ந்த ஆம்ப் வேண்டியதில்லை.

ஆம்ப் வகை மூன்று. வீட்டு உபயோகத்துக்கென்றே செய்த ஏபி வகுப்பு ஆம்ப்: கனம், சூடு, விலை மூன்றும் அதிகம், மின்விசிறி இல்லாததால் பெரும்பாலும் நிசப்தம். டி வகுப்பு ஆம்ப்: ஹைபெக்ஸ், ப்யூரிஃபை நிறுவனங்களின் மாட்யூல் வைத்தவை இன்று மிகச் சுத்தமாக ஒலிக்கின்றன, இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போவதால் சூடு மிகக் குறைவு. நம் ஊர் தட்பவெப்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, மேடைக் கச்சேரிக்கான ப்ரோ ஆம்ப்: ஒரு வாட்டுக்கு இவ்வளவு மலிவு வேறெதிலும் இல்லை. கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502 ஒரு சேனலுக்கு 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 525 வாட் கொடுக்கும். ஆர்சிஏ இன்புட்டும் உண்டு. ஆனால் உள்ளே மின்விசிறி இருக்கிறது. உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஹார்ன் ட்வீட்டர் வைத்த அதிக சென்சிடிவிட்டி ஸ்பீக்கரோடு இணைத்தால், படம் நிற்கும்போது ட்வீட்டரிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' கேட்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட ஸ்பீக்கருக்கு ப்ரோ ஆம்ப் தேவையும் இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். நல்ல கவசமுள்ள ஆர்சிஏ கேபிள், கனத்தைத் தாங்கும் தட்டு, தேவைப்பட்டால் 16 ஆம்பியர் சாக்கெட் உள்ள தனி லைன். ரிசீவரோடு சேர்ந்து தானாக ஆன் ஆக 12 வோல்ட் டிரிக்கர் வயர். அது இல்லாத ஆம்ப் என்றால் தினமும் எழுந்து போய்த்தான் சுவிட்ச் போட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் பவர் ஆம்பைச் சேர்க்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் ஆம்ப் என்றால் அது 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பாருங்கள். ஆமென்றால் கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவே ரீங்காரம் போடும், வாரண்டியும் இங்கே எடுபடாது.

எல்லாவற்றையும் விடத் தொல்லை தருவது ஹம். வெளி ஆம்ப் போட்ட அன்று இரவே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தொடங்கும். காரணம் பெரும்பாலும் எர்த் லூப். ரிசீவரும் ஆம்பும் வேறு வேறு வழியில் பூமிக்குப் போக, நடுவில் ஆர்சிஏ கேபிளின் கவசம் வழியாக மின்னோட்டம் சுற்றிவரும். கண்டுபிடிக்கும் முறை இது: ரிசீவரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். போகவில்லையா? செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். உடனே அடங்கினால் குற்றவாளி அந்த வயர். அதில் ஒரு ஐசோலேட்டர் போட்டால் முடிந்தது. பிறகு எச்டிஎம்ஐ கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

ப்ளக்கில் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிட்டால் ஹம் நின்றுவிடும் என்று சில எலெக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். நிற்கும். உள்ளே ஏதாவது பழுதானால் ஆம்பின் இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். குழந்தைகள் தொடும் உயரத்தில் இருக்கும் பொருள் அது. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

## வழி 3: பெரிய ரிசீவராக மாற்றுவது

வாட்டுக்காக மாற்றுவது வீண். 90 வாட்டிலிருந்து 125 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 1.4 டெசிபல். ஆனால் உங்கள் ரிசீவரில் ப்ரீ-அவுட் இல்லை, அட்மாஸ் இல்லை, புதிய டிவிக்கு ஏற்ற எச்டிஎம்ஐ இல்லை, ரூம் கரெக்ஷனும் பழையது என்றால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆடிஸி எக்ஸ்டி32 அல்லது டிராக் லைவ் என்ற ரூம் கரெக்ஷன் உள்ள ரிசீவர் பேஸைச் சீராக்குவதில் காட்டும் வித்தியாசம், எந்த ஆம்ப் மாற்றத்தையும் விடப் பெரியது. மாற்றும்போது எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட் உள்ளதாக வாங்கிவிடுங்கள். ஆம்ப் வேண்டுமா என்ற முடிவை அப்புறம், கேட்டுப் பார்த்த பிறகு எடுக்கலாம்.

இதில் கையைக் கடிப்பது பழைய ரிசீவரின் மறுவிற்பனை விலை. ரிசீவர்கள் வேகமாக மதிப்பு இழக்கும். பவர் ஆம்ப் பல வருடம் கழித்தும் ஆம்பாகவே இருக்கும். அதற்குள் மூன்று ரிசீவர் மாறியிருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

## வழி 4: ப்ராசசரும் மல்டிசேனல் ஆம்பும்

ஆம்பே இல்லாத ஏவி ப்ராசசர் ஒன்று, 7 அல்லது 11 அல்லது 16 சேனல் ஆம்ப் ஒன்று. தனி அறை, தனி ரேக், எக்ஸ்எல்ஆர் கேபிள் என்று திட்டமிட்டுக் கட்டுபவர்களுக்கானது. நீளமான கேபிள் ஓட்ட வேண்டிய இடத்தில் எக்ஸ்எல்ஆர் ஹம்மைத் தடுப்பது உண்மையான லாபம். மற்றவர்களுக்கு இந்தக் காசு அதிகம். பல ரிசீவர்களில் உள் ஆம்பைத் துண்டித்து ப்ராசசராக மட்டும் பயன்படுத்தும் ப்ரீஆம்ப் மோட் இப்போது இருக்கிறது. அது பெரும்பாலான தேவையை அடக்கிவிடும்.

## பாட்டு அதிகம் கேட்பவர்களுக்கு

ராத்திரி படம், பகலெல்லாம் பாட்டு என்று இருப்பவர்கள் ஹோம் தியேட்டர் பைபாஸ் உள்ள ஸ்டீரியோ இன்டக்ரேட்டட் ஆம்பை (வால்யூமும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) பாருங்கள். ரிசீவரின் முன்பக்க ப்ரீ-அவுட் அதற்குள் போகும். படம் பார்க்கும்போது அது வெறும் பவர் ஆம்ப். பாட்டுக்கு ரிசீவரை ஆன் செய்யவே வேண்டாம். ஒரே இழப்பு: பாட்டுக்கு ரிசீவரின் ரூம் கரெக்ஷனும், பொதுவாக சப்வூஃபர் கிராஸ்ஓவரும் கிடைக்காது.

| உங்கள் நிலை | என் தேர்வு |
|---|---|
| ஃபிளாட் ஹால், மிதமான சத்தம், 5.1 | இருக்கும் ரிசீவர். மிச்சக் காசு சப்வூஃபருக்கும் அறைக்கும் |
| டயலாக் புரியவில்லை | செட்டிங்கும் சென்டரை வைக்கும் இடமும். ஆம்ப் வேண்டாம் |
| 4 ஓம் ஸ்பீக்கர், சத்தமாகப் பார்ப்பவர் | மூன்று சேனல் டி வகுப்பு ஆம்ப் |
| 9 சேனல் ரிசீவர், 7.1.4 ஆசை | இரண்டு சேனல் ஆம்ப், மலிவானதே போதும் |
| ப்ரீ-அவுட் இல்லாத பழைய ரிசீவர் | முதலில் ரிசீவரை மாற்றுவது |
| பெரிய தனி அறை, ரெஃபரன்ஸ் சத்தம் | அதிக சென்சிடிவிட்டி ஸ்பீக்கர், அதோடு வெளி ஆம்ப் |
| பாட்டுக்கு முதலிடம் | ஹோம் தியேட்டர் பைபாஸ் உள்ள ஸ்டீரியோ ஆம்ப் |

## ஆம்ப் வாங்கிவிட்டால் இணைப்பது எப்படி

எல்லாவற்றையும் சுவிட்சில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெளி ஆம்புக்குப் போகும் ஸ்பீக்கரின் வயரை ரிசீவரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். ஒரே ஸ்பீக்கரில் ரிசீவரின் வயரும் ஆம்பின் வயரும் சேர்ந்து இருந்தால் இரண்டில் ஒன்று புகையும். ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி. அணைக்கும்போது ஆம்ப் முதல்.

பிறகு மைக்கை வைத்து கேலிப்ரேஷனை முதலிலிருந்து ஓட்டுங்கள். வெளி ஆம்பின் கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது) ரிசீவரின் கெயினிலிருந்து வேறுபடும்; பழைய அளவுகளோடு விட்டால் முன்பக்கம் மட்டும் கத்தும். அதைத்தான் பலர் "ஆம்ப் போட்டதும் என்ன சத்தம் பாருங்க!" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டி முடித்ததும் சேனல் லெவல்களைத் திறந்து பாருங்கள். முன்பக்கச் சேனல்கள் மைனஸ் 12-ல் போய் முட்டி நின்றால் ரிசீவரால் அதற்குமேல் குறைக்க முடியவில்லை என்று அர்த்தம். ஆம்பில் கெயின் குமிழ் இருந்தால் மூன்றையும் ஒரே அளவு குறைத்து, கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டுங்கள்.